கள்ளி வந்த வழி

பீன்யா என்னும் பெயரைக் கேட்டவுடன் கடைசல் இயந்திரத்தின் ஓசையும் முலாம் பூசும் பட்டறையின் நெடியுமே நம் நினைவுக்கு வருவது வழக்கம். பெங்களூரின் வடமேற்கே, தும்கூர்ச் சாலையை ஒட்டி, 1970களில் வளர்ந்த தொழிற்பேட்டை அது. இந்தியாவின் முதற் செயற்கைக்கோளாகிய ஆரியபட்டா அங்குள்ள கொட்டகைகளிலேதான் உருவாயிற்று. 1975ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் சோவியத் மண்ணிலிருந்து அது விண்ணேறியது. அந்தப் பெருமையை ஊரார் பலர் மறந்துவிட்டனர். மறக்க முடியாதது ஒன்று உண்டு, அது தண்ணீர்.

பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், பாறையின் முதுகில் அமர்ந்திருக்கும் நகரம். அதற்கென்று பேராறு கிடையாது. 1974ஆம் ஆண்டு முதல் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 500 மீட்டர் அளவுக்கு மேலே ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது. குழாய் எட்டாத இடங்களில் ஆழ்துளைக் கிணறும், அதுவும் வற்றினால் டேங்கர் லாரியும் துணை. 2023ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தது. மறு ஆண்டுக் கோடையில், அரசின் 13,900 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வரை வறண்டுவிட்டன என்று அரசே அறிவித்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதம் பெங்களூர்க் குடிநீர் வாரியம் ஓர் ஆணை பிறப்பித்தது: வண்டி கழுவவும் தோட்டத்துக்குப் பாய்ச்சவும் குடிநீரைப் பயன்படுத்தலாகாது, மீறுவோர்க்கு ஐயாயிரம் ரூபாய் தண்டம். 2025ஆம் ஆண்டு பிப்பிரவரியில் இத்தகைய ஆணை மீண்டும் வந்தது.

இவ்வாணை நம்மவர்க்குச் சற்று ஆழமாகவே தைக்க வேண்டியது. 2018ஆம் ஆண்டு பிப்பிரவரி 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் காவிரி வழக்கில் தீர்ப்புரைத்தபோது, தமிழகத்தின் பங்கிலிருந்து 14.75 டி.எம்.சி. குறைத்துக் கர்நாடகத்துக்குக் கூட்டியது. அதில் 4.75 டி.எம்.சி. பெங்களூர் நகர மக்களின் குடிநீருக்கென்றே ஒதுக்கப்பட்டது. தஞ்சைத் தரணியில் உறவினரை வைத்துக்கொண்டு பெங்களூரில் குழாயைத் திறக்கும் தமிழன், இரு கரைக்கும் உரியவனாக நிற்கிறான். தாகத்துக்கென்று தரப்பட்ட நீரைப் புல்தரைக்கு இறைப்பது அவனுக்குத் தகுமா என்பது வாரியத்தின் தண்டத்தைவிடக் கனமான கேள்வி.

ஆனால் செடி வேண்டாம் என்று எவரும் சொல்வதில்லை. இரும்புத் தூளும் புகையும் சூழ்ந்த இடத்தில் ஒரு பச்சையைக் காண மனம் ஏங்குவது இயல்பு. ஆதலின், சிறுநீரில் வாழும் கள்ளியினங்களும் சதைப்பற்றுள்ள இலைச் செடிகளும் இப்போது மாடிகளிலும் படிக்கட்டுகளிலும் இடம் பிடித்து வருகின்றன. நாற்றுப் பண்ணைகள் அவற்றைப் புதுமை என்று விற்கின்றன. அது புதுமைதானா என்று பார்ப்பதே நம் நோக்கம்.

கள்ளி என்பது தமிழுக்குப் பழஞ்சொல். சங்கப் புலவர் பாலை நிலத்தைக் காட்டும்போது கள்ளியைக் காட்டினர். குறுந்தொகையில் பாலைபாடிய பெருங்கடுங்கோ, பொருள் தேடச் சென்ற தலைவன் கடக்கும் கள்ளிக் காட்டில் பல்லி தன் துணையை அழைக்கும் ஒலியைக் கேட்கவைக்கிறார். பிழைப்புக்காக வேற்றூர் போனவனின் வழியில் நின்ற செடி அது என்பதை நேயர்கள் கருத்தில் கொள்ளலாம். புறநானூற்றிலும் மணிமேகலையிலும் அது சுடுகாட்டுச் செடி. கள்ளியை வீட்டில் வைக்கலாகாது என்று நம் பாட்டிமார் முகஞ்சுளித்ததற்கு இப்பழமையே வேர் எனலாம். இருப்பினும் மதுரைப் பக்கத்தில் கள்ளிக்குடியும், கோபிசெட்டிபாளையத்துக்கு அருகில் கள்ளிப்பட்டியும் அப்பெயரை வெட்கமின்றித் தாங்கி நிற்கின்றன.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சங்கப் புலவர் கண்ட கள்ளி வேறு. இன்று கடைகளில் சிறு தொட்டியில் விற்கும் முட்பந்து வேறு. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி முதலியவை ஆமணக்கின் சுற்றத்தைச் சேர்ந்தவை. கீறினால் வெண்பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம் தரும். கள்ளிப்பால் என்ற சொல் தென் மாவட்டத் தாய்மாருக்கு ஏன் நடுக்கம் தருகிறது என்பதை ஈண்டு விரிக்க வேண்டியதில்லை. நாடறிந்த துயரம் அது. மேல்நாட்டார் காக்டஸ் என அழைக்கும் குடும்பமோ அமெரிக்கக் கண்டத்துக்கே உரியது. அதன் பெரும்பாலான இனங்களில் பால் இராது. ஒவ்வொரு முட்கொத்தும் மெத்தை போன்ற ஒரு சிறு புள்ளியிலிருந்து முளைக்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அவ்வினங்களுள் ஒன்றே ஒன்று மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கைக் காடுகளிலும் இயல்பாகக் காணப்படுகிறது. மரக்கிளைகளில் தொங்கி வளரும் மெல்லிய கொடி அது. எஞ்சிய அனைத்தும் கொலம்பசுக்குப் பிறகே கடல் கடந்தன.

அப்படியானால் நம் ஊர்ச் சப்பாத்திக்கள்ளி? கண்மாய்க் கரையிலும் தோட்டத்து வேலியிலும் நாம் பிறந்தது முதல் பார்த்த செடி, சிவந்த பழத்தை மண்ணில் தேய்த்து முள் நீக்கிச் சிறுவர் தின்ற செடி, அதுவும் அயல்நாட்டதா? ஆம், அதுவும் அயல்நாட்டதே. ஐரோப்பியர் கப்பலில் வந்த அந்தச் செடிக்கு நம்மவர் பழைய கள்ளியின் பெயரையே சூட்டிக் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டனர். முன்னொட்டாக நிற்கும் சப்பாத்தி என்பது கோதுமை ரொட்டியைக் குறிப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். நமக்கு அது சரியெனத் தோன்றவில்லை. போர்த்துக்கீசியர் தந்த சப்பாத்து என்னும் சொல் யாழ்ப்பாணத்தில் இன்றும் காலணியைக் குறிக்கிறது. தட்டையான அத்தண்டு செருப்பின் அடிப்பாகம் போலவே இருக்கிறது. பெங்களூரில் வாழும் நமக்கு இதற்கு வீட்டு வாசலிலேயே சான்று உண்டு. கன்னடத்தில் அச்செடி பாப்பாசுகள்ளி. பாப்பாசு என்பதும் செருப்பே; அது பாரசீகத்திலிருந்து வந்த சொல். ஆக, தமிழரும் கன்னடியரும் ஒரே உவமையைக் கண்டனர். செருப்பை மட்டும் வெவ்வேறு வணிகரிடம் வாங்கினர்.

இச்செடி தென்னாட்டில் பரவியதற்கு வேலி ஒரு காரணம். ஆனால் அதன் வரலாற்றில் நிறம் ஒன்றுக்காக ஓர் அரசே ஆசைப்பட்ட அத்தியாயமும் உண்டு. அது சென்னைச் சைதாப்பேட்டையில் நிகழ்ந்தது.

மெக்சிக்கோ நாட்டில் ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியில் வாழும் சிறு பூச்சியை உலர்த்திப் பொடித்தால் இரத்தச் சிவப்பான சாயம் கிடைக்கும். கொச்சினீல் என்று அதற்குப் பெயர். ஒரு பவுண்டு சாயப்பொருளுக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும். ஐரோப்பாவில் அரசரின் அங்கியும் கர்தினாலின் உடையும் ஆங்கிலப் படைத் தலைவரின் செஞ்சட்டையும் இச்சாயத்தை நம்பியிருந்தன. அதன் வாணிகமோ ஸ்பானியரின் கையில் இருந்தது. அவர்கள் அந்தப் பூச்சியைப் பொற்சுரங்கம் போலக் காத்தனர். 1777ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் மருத்துவச் செடி தேடுபவர் போல மெக்சிக்கோவுக்குள் புகுந்து, பூச்சியும் செடியுமாகக் கடத்திச் சென்றார் என்றால் அதன் மதிப்பை நாம் உணரலாம்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் செடிகளில் பெருவிருப்பம் உடையவர். 1786ஆம் ஆண்டில் சென்னைப் புல்லொன்றின் மீது அவர் ஒரு சிவந்த பூச்சியைக் கண்டார். மெக்சிக்கோவின் செல்வம் தம் காலடியிலேயே கிடக்கிறது என்று மகிழ்ந்து, லண்டனில் ஜோசப் பேங்க்ஸ் என்னும் தாவர அறிஞருக்குக் கடிதத்தின் மேல் கடிதமாக எழுதினார். ஆய்ந்து பார்த்தபோது அந்தப் பூச்சி சாயத்துக்கு உதவாது என்று தெரிந்தது. ஆயினும் ஆசை எழுந்துவிட்டது. உண்மையான பூச்சி ஒருநாள் வந்து சேருமானால் அதற்கு இரை வேண்டுமல்லவா? கியூ தோட்டத்திலிருந்து சாயக்கள்ளி வரவழைக்கப்பட்டது. அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலம் நின்ற சைதாப்பேட்டைப் பகுதியில் கள்ளிக்கென்றே ஒரு தோட்டம் எழுந்தது. அப்பாலம் இருந்த இடத்தில்தான் இன்று மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. தோட்டத்தைக் கவனிக்க ஆண்டர்சனின் மருமகன் முறையான ஆண்ட்ரூ பெர்ரி அமர்த்தப்பட்டார். விருந்தாளி எப்போது வருவார் என்று அறியாமலே இலை போட்டு வைத்த கதை இது.

1795ஆம் ஆண்டில் விருந்தாளி வந்தார். நீல்சன் என்னும் படைத்தலைவர் பிரேசில் நாட்டு இரியோ துறைமுகத்தில் கள்ளியும் பூச்சியுமாகச் சில எடுத்துக்கொண்டு கல்கத்தா வந்து சேர்ந்தார். கடற்பயணத்தில் பெரும்பாலானவை மடிந்தன, பிழைத்தவை சிலவே. அவற்றைத் தாவரத் தோட்டத்தில் ராக்சுபரோ என்னும் அறிஞர் பேணினார். அங்கே ஒரு விந்தை நிகழ்ந்தது. அருமையாக வளர்த்து வைத்த சாயக்கள்ளியைப் பூச்சிகள் ஏறிட்டும் பார்க்கவில்லை. வேலியோரத்தில் கேட்பாரற்று நின்ற வழவழப்பான நாட்டுச் சப்பாத்திக்கள்ளியையே மொய்த்தன, பெருகின, சென்னைக்கும் அனுப்பப்பட்டன. ஆனால் வந்தது மெக்சிக்கோவின் நற்பூச்சி அன்று, பிரேசிலின் காட்டுப்பூச்சி. அதன் சாயம் மட்டமானது. உண்மைப் பூச்சியைக் கொணர்வோருக்கு 2,000 பவுன் பரிசு என்று கம்பெனி அறிவித்தது. அப்பரிசைப் பெறும் வகையில் நற்பூச்சி இந்நாட்டில் வேரூன்றவே இல்லை. சைதாப்பேட்டைக் கள்ளித் தோட்டமும் காலத்தில் கரைந்தது. 1856ஆம் ஆண்டு முதல் நிலக்கரித் தாரிலிருந்து செயற்கைச் சாயங்கள் பிறக்கத் தொடங்கியபின், அந்தப் போட்டிக்கே பொருளில்லாமற் போயிற்று.

சாயம் தோற்றது, பூச்சி வென்றது. காட்டுப்பூச்சி தான் மொய்த்த கள்ளியை அடியோடு தின்று தீர்த்தது. வேண்டாத கள்ளியை ஒழிக்க இதுவே வழி என்று கண்டவர்கள், 1836க்கும் 1838க்கும் இடையே அப்பூச்சியைத் தென்னாட்டில் வேண்டுமென்றே விட்டனர். 1865ஆம் ஆண்டையொட்டி இலங்கைக்கும் கொண்டு சென்றனர். களையை அழிக்க அதன் பகையை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோய் வென்ற முதல் நிகழ்ச்சி இதுவே என்று உலக வேளாண் நூல்கள் குறிக்கின்றன. பிழையாக வந்த பூச்சி ஓர் அறிவியல் துறைக்கே தொடக்கமாயிற்று.

ஆனால் ஒரு கள்ளி மறைந்த இடத்தில் மற்றொன்று நுழைந்தது. மஞ்சள் முள் செறிந்த வேறொரு சப்பாத்திக்கள்ளியை அந்தப் பூச்சி தீண்டாது. அதனதன் பூச்சிக்கு அதனதன் கள்ளி என்பது இயற்கையின் ஒழுங்கு. பகையற்ற அந்த முட்கள்ளி தென் மாவட்டங்களில் கரிசலிலும் செம்மண்ணிலும் ஏறிப் பரந்தது. ஒரு தண்டு ஒடிந்து விழுந்தால் போதும், அதுவே வேர்விட்டு ஒரு புதராகும். வெட்டினால் வெட்டிய துண்டெல்லாம் செடியாகும். பாம்புக்கும் எலிக்கும் அது புகலிடம். உழவனுக்கு நில இழப்பு. பஞ்ச காலத்தில் மட்டும் முள்ளைத் தீயில் கருக்கி மாட்டுக்கு இட்டனர் என்பதும் உண்மை. ஆகவே அதனை முற்றும் பழிக்கவும் நமக்கு மனம் வருவதில்லை.

இறுதியில் 1926ஆம் ஆண்டில் மற்றொரு கொச்சினீல் பூச்சி வந்தது. ஆஸ்திரேலியாவில் கள்ளியை அழிக்கப் பயன்பட்டு, அங்கிருந்து இலங்கைக்கு வந்து, பிறகு தென்னிந்தியாவுக்குள் விடப்பட்ட பூச்சி அது. அது முட்கள்ளிக்கென்றே பிறந்தது போலும். ஐந்தாறு ஆண்டுகளில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் நிலம் கள்ளியினின்று விடுபட்டது. கத்தியும் தீயும் செய்யாததை எள்ளினும் சிறிய உயிர் செய்து முடித்தது. அந்த இடங்கள் பலவற்றில் பிற்பாடு சீமைக் கருவேலம் குடியேறியது வேறு கதை. அதற்கேற்ற பூச்சி இன்னும் கிட்டவில்லை.

இதுவரை கண்டது கள்ளியின் வெளி வரலாறு. அதன் உள்ளே நிகழும் விந்தை ஒன்று உண்டு. அதனை முதலில் நாவினால் அறிந்தவர் பெங்களூரோடும் தமிழ்நாட்டோடும் தொடர்புடையவர் என்பது நமக்கு இனிய செய்தி.

பெஞ்சமின் ஹைனே என்பவர் ஜெர்மானியர். மொரேவியச் சபையின் மருத்துவராகத் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர். பின்னர்க் கம்பெனியின் தாவர அறிஞரானார். 1799ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், ஹைதர் அலி 1760ஆம் ஆண்டில் தொடங்கிய லால்பாக் தோட்டம் சில காலம் அவர் பொறுப்பில் இருந்தது. 1813ஆம் ஆண்டில் அவர் இங்கிலாந்திலிருந்த லாம்பர்ட் என்னும் அறிஞருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் அவர் குறித்த செடி நம் வீட்டு ரணகள்ளி. இலையை ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டாலும் விளிம்பெல்லாம் குட்டிச் செடிகள் முளைக்கும். அதனால் கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று நம்மவர் அதற்கு ஒரு வேடிக்கைப் பெயரும் வைத்தனர். அதன் இலையை விடியற்காலையில் மென்றால் புளிக்கிறது. நண்பகலில் சுவையே இல்லை. மாலையில் சற்றுக் கசக்கிறது என்று ஹைனே எழுதினார். லண்டன் லின்னேயச் சங்கத்தின் வெளியீட்டில் அக்கடிதம் அச்சேறியது.

ஒரே இலை ஒரு நாளில் மூன்று சுவை காட்டுவானேன்? விடை முழுமையாக விளங்க இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொள்ளும். அவ்வாறு திறக்கும்போது உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் போய்விடும். வீட்டுக் கதவை உச்சிவெயிலில் திறந்து வைத்தால் குளிர்ச்சி போவது போன்றது அது. கள்ளியும் ரணகள்ளியும் கற்றாழையும் பகலில் கதவை அடைத்துவிடுகின்றன. இரவின் குளிரில் திறந்து, வாயுவை வாங்கி, அதனைப் புளிப்பாக மாற்றிச் சேமிக்கின்றன. பகலில் கதவடைத்தபடியே அந்தப் புளிப்பை எடுத்து, வெயிலின் துணையால் உணவாக்கிக்கொள்கின்றன. ஆகவே விடியலில் புளிப்பு மிகும். பகல் ஏற ஏறக் குறையும். இம்முறையால் இச்செடிகளுக்கு வேண்டிய நீர் மற்றவற்றினும் பல மடங்கு குறைவு. இரவுப் பணி பார்த்துப் பகலில் உறங்கும் பீன்யாத் தொழிலாளிக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சிறுநீரில் தழைத்தல், ஒடிந்தாலும் முளைத்தல், மாடு தின்னாத முள், பகையில்லாத நாடு ஆகியவையே தொட்டியில் கள்ளியை விரும்பத்தக்கதாக்கின. அவையே நாட்டில் அதனைக் கொடுங்களையாகவும் ஆக்கின. குணம் ஒன்றே, இடம் வேறு. நீர்ச் சிக்கனத் தோட்டம் அமைப்போர்க்கு வரலாறு தரும் செய்தி இதுதான் என்பது நம் கருத்து. சைதாப்பேட்டையில் நட்டவர் கேடு நினைத்து நட்டாரில்லை.

இனிப் பீன்யாவுக்கு வருவோம். அங்குள்ள தோட்டக்காரருக்குத் தடை வறட்சி மட்டுமன்று. மழையுந்தான் என்றால் வியப்பாக இருக்கும். பெங்களூரில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை பெய்கிறது. அதன் பெரும்பகுதி மே முதல் அக்டோபர் வரை கொட்டிவிடும். மெக்சிக்கோப் பாலையிலிருந்து வந்த முட்பந்துக்கு அது வெள்ளம். கள்ளி காய்ந்து சாவதைவிட அழுகிச் சாவதே இங்கு மிகுதி. எனவே தொட்டியின் அடியில் துளையும், உடைந்த ஓடும் செங்கல் துண்டும், செம்மண்ணுக்கு இணையாகப் பருமணலும் வேண்டும். மழைக்காலத்தில் அவற்றைக் கூரை விளிம்புக்கு உள்ளே நகர்த்திவிட வேண்டும். தரையில் நடுவதாயின் மேட்டுப்பாத்தி கட்டிச் சரிவாக நடவேண்டும். கோடையிலும் மண் நன்கு காய்ந்த பிறகே நீர், அதுவும் கைச்செம்பளவு. அன்றாடம் அன்போடு ஊற்றுவோர் வீட்டில் கள்ளி பிழைப்பதில்லை.

அந்தச் சிறு நீரையும் குழாயில் பிடிக்க வேண்டியதில்லை. கூரை மழைநீரைச் சேமிப்பது பெங்களூரில் 2009ஆம் ஆண்டின் சட்டத்தால் பெரிய மனைகளுக்குக் கட்டாயமாயிற்று. தமிழகம் 2003ஆம் ஆண்டிலேயே அதனைச் செய்துவிட்டது என்பதை நாம் சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். ஒரு பீப்பாய் மழைநீர் முப்பது தொட்டிக் கள்ளிக்கு ஒரு கோடைக்குப் போதும். பீன்யாவில் இதற்கு வேறொரு காரணமும் உண்டு. முலாம் பூசும் பட்டறைகளின் குரோமியம் அப்பகுதி நிலத்தடி நீரில் சில இடங்களில் கலந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அழகுக்கு வளர்க்கும் செடிக்கு அது எப்படியோ, வாயில் வைக்கும் செடிக்கு ஆகாது.

வாயில் வைக்கும் செடி என்றோம். நீர்ச் சிக்கனத் தோட்டம் என்றால் அயல்நாட்டுப் பெயர்ப்பலகை தொங்கும் தொட்டிகள்தாம் என்று எண்ணுவானேன்? நம் பாட்டிமாரின் கொல்லையே அத்தகைய தோட்டந்தான். பிரண்டையின் தண்டு கள்ளியைப் போலவே இரவில் மூச்சுவாங்குவது, வேலியில் ஏற்றிவிட்டால் மாதக்கணக்கில் கவனிப்பின்றி நிற்கும், துவையலுக்கும் ஆகும். சோற்றுக்கற்றாழையின் பயனைச் சொல்ல வேண்டியதில்லை. கற்பூரவல்லி இருமலுக்கு. பருப்புக்கீரை தானே முளைத்துத் தானே தழைக்கும். வில்நாணுக்கு நார் தந்த மருள், நிழலிலும் வளரும்; அதன் தாவரப் பெயரில் கல்கத்தாவில் பூச்சி வளர்த்த அதே ராக்சுபரோவின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவற்றோடு ஒரு சதுரக்கள்ளியைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத மூலையில் நட்டால், சங்கப் பாலைத் திணையே மாடிக்கு வந்துவிடும். பெங்களூரின் மழைக்கும் அழுகாதவை இவை. தக்காணத்தின் மழையையும் வறட்சியையும் நெடுங்காலம் பார்த்தவை. உண்ணும் செடிக்குப் பட்டறை ஓரத்து மண்ணை விடுத்து, வெளியூர்த் தூய மண்ணையும் மழைநீரையும் பயன்படுத்துவது நலம்.

அமெரிக்கக் கள்ளி வேண்டவே வேண்டாம் என்பதன்று நம் கூற்று. லால்பாக் வழியாகவே பல அயற்செடிகள் இந்நாட்டுக்கு உரியவையாயின. தமிழர் பெங்களூர்க் கத்தரிக்காய் என்று கூட்டு வைக்கும் காயும், லால்பாக்கை ஆண்ட ஜான் கேமரன் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே பரவியதுதான். வந்தவை எல்லாம் கேடு என்றால் வந்தவராகிய நாம் வாய் திறக்க இயலாது. கேட்டுக்கொள்வது ஒன்றே: கழித்த கள்ளித் தண்டையும் உதிர்ந்த ரணகள்ளி இலையையும் காலி மனையிலோ ஏரிக்கரையிலோ வீசலாகாது. நன்றாக வெயிலில் உலர்த்திச் சருகாக்கியபின் குப்பையில் இடுக. ஏரிக்கரை ஒருமுறை கள்ளிக்குப் போனால், அதை மீட்க மறுபடியும் ஒரு பூச்சியைக் கடல் கடந்து தேட வேண்டிவரும்.

வீட்டுச் சப்பாத்திக்கள்ளியின் மேல் என்றாவது வெண்பஞ்சு ஒட்டியது போலக் கண்டால், அதனை ஒரு குச்சியால் நசுக்கிப் பார்க்கலாம். குச்சியின் நுனி இரத்தம் போலச் சிவக்குமானால், அது கொச்சினீல் பூச்சி. செடி வேண்டுமென்றால் சவர்க்கார நீரில் துணியை நனைத்து அன்றே துடைத்துவிட வேண்டும். இரண்டு வாரம் விட்டால் அது தொட்டி முழுவதையும் முடித்துவிடும்.